மருந்து முடிந்தும் நகம் மஞ்சளாகவே இருக்கிறது: குணமாகிறது என்று எப்படி அறிவது?

கேள்வி:

உப்புவெளியில் வசிக்கும் எனக்கு வயது 47. சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதால் நாள் முழுவதும் பாதுகாப்புச் சப்பாத்து அணிந்திருப்பேன். சில ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அதற்கு மெட்போமினும், கொழுப்புக்கு அடோவஸ்டட்டினும் எடுத்து வருகிறேன். வலது காலின் பெருவிரல் நகமும் அடுத்த விரலின் நகமும் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாப்போல உதிரத் தொடங்கின. நகத் துண்டைப் பரிசோதித்துப் பங்கசுத் தொற்று என்று உறுதி செய்தபின், ஜனவரி நடுப்பகுதியிலிருந்து 12 வாரங்களுக்கு டெர்பினாபின் 250 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். ஏப்ரலில் மருந்து முடிந்தது. இப்போது ஜூன் நடுப்பகுதி. பெருவிரல் நகத்தின் பெரும்பகுதி இன்னமும் மஞ்சள்தான். போதாததற்கு, தோலிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் தள்ளி நகத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. கோட்டுக்கு வேர்ப் பக்கம் நகம் மெல்லியதாகவும் நுனிப் பக்கம் தடித்ததாகவும், ஒரு விரலில் இரண்டு நகங்கள் இருப்பதுபோலத் தெரிகிறது. இரண்டாவது விரலில் ஓரமாக ஒரு மஞ்சள் கீற்று உள்நோக்கிப் போகிறது. விரலிடுக்கிலும் தோல் வெளுத்து உரிகிறது. இன்னும் மூன்று மாதத்துக்கான குளிசையை மருந்தகத்தில் வாங்கி வைத்துள்ளேன், எடுக்கலாமா? மாமியார் கன்னியா வெந்நீரூற்றில் போய்க் குளிக்கச் சொல்கிறார். வீட்டில் மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் பூசுகிறோம். நோய் குணமாகிறதா, இல்லையா? மனைவியின் கைப் பெருவிரல் நகமும் ஓரத்தில் எழும்பி வெளுத்திருக்கிறது. அவரும் இதே குளிசையை எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

புதிய நோய் என்று நீங்கள் அஞ்சும் அந்தக் குறுக்குக் கோடுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த செய்தி. கோட்டுக்கு வேர்ப் பக்கம் இருக்கும் மெல்லிய நகம் மருந்து தொடங்கிய பிறகு முளைத்தது. நுனிப் பக்கம் இருக்கும் தடித்த மஞ்சள் நகம் அதற்கு முன்பே முளைத்துப் பங்கசினால் கெட்டுப்போனது. இரண்டும் சந்திக்கும் எல்லையைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அந்தப் புதிய பகுதி இளஞ்சிவப்பாக, ஒளி ஊடுருவக்கூடியதாக, அடியிலுள்ள சதையோடு நன்றாக ஒட்டியிருக்குமானால், பெருவிரலைப் பொறுத்தவரை மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த நோயில் மக்கள் அடையும் ஏமாற்றத்தின் பெரும்பகுதி, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தைப் பார்ப்பதால் வருவது. நாம் காணும் நகத் தட்டு உயிருள்ள திசு அன்று. தோல் மடிப்புக்கு உள்ளே மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில் உருவாகி, இறுகி, முன்னோக்கித் தள்ளப்பட்டு வரும், கெரட்டின் என்ற புரதத்தாலான படலம் அது. தோலில் வந்த புண் அதே இடத்தில் ஆறுவது போல, கெட்டுப்போன நகத் துண்டு தான் இருக்கும் இடத்திலேயே மீண்டும் நல்ல நகமாக மாறாது. எந்த மருந்துக்கும் அந்த ஆற்றல் இல்லை. நோய் பிடித்த தென்னையில் பழுத்த ஓலை பச்சையாகிறதா என்று யாரும் காத்திருப்பதில்லை, குருத்தைத்தான் பார்ப்பார்கள். நகத்திலும் அவ்வாறே வேர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கெட்ட பகுதி செய்யக்கூடியது ஒன்றுதான்: புதிய நகத்தால் முன்னுக்குத் தள்ளப்பட்டு, நுனிக்கு வந்து, வெட்டி எறியப்படுவது.

அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் இவ்வளவு அலைபாயாது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும். ஆகவே ஏறத்தாழ ஆறு மாதத்தில் முழு நகமும் புதிதாகிவிடும். கால் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுமையாக மாறுவதற்கு 12 முதல் 18 மாதங்கள் தேவைப்படும். வயது கூடக்கூடவும், காலுக்கு வரும் இரத்த ஓட்டம் குறையும்போதும் இந்த வேகம் இன்னும் தளரும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை உங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆகியுள்ளன. அந்தக் காலத்தில் ஐந்து முதல் ஏழு மில்லிமீற்றர் வரை புதிய நகம் வந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அளவு அதற்குள்ளேயே அடங்குவதால், உங்கள் நகம் பின்தங்கவில்லை. அது வளரக்கூடிய வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாம் நல்லபடி நடந்தால் அடுத்த ஆண்டின் முதற்பாதியில்தான் பெருவிரல் நகத்தை நீங்கள் முழுமையாகத் தெளிந்த நிலையில் காண முடியும்.

குளிசை ஏப்ரலிலேயே நின்றுவிட்டதே, பிறகு எந்தப் பலத்தில் நகம் தெளிகிறது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். டெர்பினாபின் நகத்தின் கெரட்டினில் சேர்ந்து தங்கும் இயல்புடையது. குளிசையை நிறுத்திய பின்பும் பல மாதங்களுக்கு, பங்கசை ஒடுக்கப் போதுமான அளவில் அது நகத்தில் நீடிக்கிறது. கால் நகத்துக்கு 12 வாரங்கள், கை நகத்துக்கு 6 வாரங்கள் என்ற கணக்கு வகுக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை. நகம் முழுவதும் தெளியும்வரை குளிசை விழுங்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு.

இனி, நலம் திரும்புவதைக் காட்டும் அடையாளங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலாவதும் முதன்மையானதும் நான் மேலே சொன்ன தெளிந்த வேர்ப்பகுதி. அது தோல் மடிப்பின் முழு அகலத்துக்கும், ஓரத்திலிருந்து ஓரம்வரை, இடைவெளியில்லாமல் வெளிவர வேண்டும். நடுவில் தெளிந்து ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சளாக வந்தால், அந்த ஓரத்தில் பங்கசு இன்னும் பிழைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்து, எல்லைக்கோடு மாதத்துக்கு மாதம் நுனியை நோக்கி நகர வேண்டும். நின்ற இடத்தில் நிற்கவும் கூடாது, வேரை நோக்கித் திரும்பவும் கூடாது. நகத்தின் அடியில் சேரும் மாப்போன்ற பொடி குறையும், அதனோடு வந்த வாடையும் குறையும். நகவெட்டி கடிக்க முடியாமல் தடித்திருந்த நகம் வெட்டுவதற்கு இலகுவாகும், சப்பாத்துக்குள் அழுத்திய வலி தணியும். இந்த மாற்றங்களெல்லாம் நிறம் மாறுவதற்கு முன்பே வந்துவிடும். ஆனால் நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கண்ணில் அவை படுவதில்லை.

நினைவை நம்பி இதைக் கணிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், காலைக் கழுவித் துடைத்து, நகத்தை வெட்டிய பின்னர், அதே கோணத்திலும் அதே தூரத்திலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோலை வைத்துப் படமெடுத்தால், தோல் மடிப்பிலிருந்து எல்லைக்கோடுவரை உள்ள தூரத்தை மில்லிமீற்றரில் வாசிக்கலாம். ஒவ்வொரு நாளும் பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாளில் கால் நகம் நகரும் தூரம் கண்ணுக்குத் தெரியாதது, அன்றாடம் பார்ப்பவருக்கு அது ஒருபோதும் மாறாததாகவே தோன்றும். மூன்று மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், போதும். நகத்தில் மருதாணி, நகப்பூச்சு, மஞ்சள் எதையும் இந்தக் காலத்தில் பூசாதீர்கள். மஞ்சள் நகத்தில் கறையை விட்டுச் செல்லும். பிறகு அது பங்கசின் நிறமா, பூசிய மஞ்சளின் நிறமா என்று நீங்கள் மட்டுமன்றி உங்கள் வைத்தியரும் தடுமாற நேரிடும். தேசிக்காய்ச் சாறு தோலை எரித்து வெடிக்கச் செய்யக்கூடியது. நீரிழிவு உள்ள காலில் தோல் வெடிப்பது விளையாட்டன்று.

வைத்தியர்களாகிய எங்களில் சிலர் வழக்கமாகச் செய்யும் ஒரு முறை உண்டு. நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில் நகத்தின் மேற்பரப்பில் மிக மெல்லிய கீறல் ஒன்றை அரத்தால் இடுவோம். அந்தக் கீறல் நகத்தோடு சேர்ந்து முன்னேறும். அடுத்த முறை பார்க்கும்போது கீறலுக்கு வேர்ப் பக்கம் முழுவதும் தெளிவாக இருந்தால் சிகிச்சை பலித்திருக்கிறது. மஞ்சள் நிறம் கீறலைத் தாண்டி வேர்ப் பக்கம் புகுந்திருந்தால் பங்கசு இன்னும் உயிரோடு முன்னேறுகிறது. உங்களுக்கு நீரிழிவு இருப்பதால் இதை நீங்களே செய்ய முயல வேண்டாம், கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது விரலுக்கு வருகிறேன். அங்கே நிலைமை வேறு. ஓரமாக வேரை நோக்கி ஓடும் மஞ்சள் கீற்று, பங்கசு நகத்தின் அடியில் திரளாக அடர்ந்து ஒரு குழிக்குள் குடியேறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அத்தகைய திரளுக்குள் மருந்து போதிய அளவில் ஊடுருவுவதில்லை. மற்ற நகங்கள் தெளியும்போது இது மட்டும் பிடிவாதமாக நிற்பதற்கு அதுவே காரணம். இதற்கு வழி இன்னும் மூன்று மாதக் குளிசை அன்று. அந்தக் கீற்றுக்கு மேலுள்ள நகத்தைத் தோல் நோய் வைத்தியர் வெட்டியோ, 40 சதவீத யூரியாக் களிம்பால் மென்மையாக்கிச் சுரண்டியோ அகற்றி, உள்ளிருக்கும் திரளை வெளியே எடுத்த பின்னரே மருந்து அங்கே வேலை செய்யும். ஆகவே உங்கள் ஒரு காலிலேயே குணமாகும் நகம் ஒன்றும், கவனிக்க வேண்டிய நகம் ஒன்றும் இருக்கின்றன. ஒன்றைக் கண்டு மற்றதையும் தீர்மானித்துவிடாதீர்கள்.

மறுபுறத்தில், நகம் முன்போல் முற்றிலும் அழகாகிவிட வேண்டும் என்பதையே குணத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்வதும் சரியன்று. டெர்பினாபின் குளிசைக்கு அமெரிக்காவில் 1996இல் இந்த நோய்க்கென அனுமதி கிடைத்தது. அதன் மருந்துத் தகவல் ஏட்டில் உள்ள ஆய்வு முடிவுகளின்படி, 12 வார மருந்துக்குப் பிறகு கால் நகத்தில் பங்கசு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எழுபது பேர். ஆனால் பங்கசும் நீங்கி நகமும் முழுமையாகத் தெளிந்தவர்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்கள் நோய் நீங்கியும் நகம் முழுமையாகத் திருந்தாதவர்கள். ஆண்டுக்கணக்கில் தொற்றுக்கு ஆளான நகப் படுக்கை சில வேளைகளில் நகத்தை முன்போலப் பற்றிக்கொள்வதில்லை. நுனியில் கொஞ்சம் எழும்பியபடியே இருக்கும். அடியில் காற்றுப் புகுந்து அந்த இடம் வெண்மையாகத் தெரியும். கடினமான சப்பாத்தின் முனையில் விரல் நாள்தோறும் இடிபடுபவர்களுக்கு, பங்கசே இல்லாவிட்டாலும் நகம் தடித்து நிறம் மாறும். வேர்ப் பகுதி தெளிந்திருந்து, மாதக்கணக்கில் எந்த மாற்றமும் பரவாமல் நுனியில் மட்டும் ஒரு குறை எஞ்சினால், அது பெரும்பாலும் நோய் விட்டுச்சென்ற தழும்பாகவோ சப்பாத்தின் விளைவாகவோ இருக்கும். அதற்காக மருந்து எடுப்பது தேவையற்றது.

கண்ணால் தீர்மானிக்க முடியாதபோது ஆய்வுகூடம் உதவும். நகத்தைச் சுரண்டி எடுத்த பொடியைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மாதிரியிலிருந்து பங்கசு வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனையும் செய்வார்கள். வளர்ப்பின் முடிவுக்கு நான்கு வாரங்கள்வரை காத்திருக்க நேரிடலாம். ஆனால் இதைச் செய்யும் காலம் முக்கியம். மருந்து முடிந்த கையோடு பழைய, தடித்த பகுதியிலிருந்து மாதிரி எடுத்தால், இறந்துபோன பங்கசின் இழைகள் நுணுக்குக்காட்டியில் தெரிந்து நோய் இருப்பதாகக் காட்டக்கூடும். நகத்தில் தங்கியிருக்கும் மருந்தினால் வளர்ப்பில் எதுவும் வளராமல் நோய் இல்லை என்று காட்டவும் கூடும். ஒரே நகம் இரு விதமாகப் பேசும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மருந்து நிறுத்திச் சில மாதங்கள் கழிந்தபின், எல்லைக்கோட்டுக்கு அருகே, வேருக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டவிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மருந்து தொடங்கி ஓராண்டை நெருங்கும் வேளையில், அதாவது டிசம்பரை ஒட்டி, பெருவிரலில் ஐயம் எஞ்சியிருந்தால் இதைக் கேளுங்கள். இரண்டாவது விரலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். அங்கே நகத்தை அகற்றும்போது கிடைக்கும் பொடியையே பரிசோதனைக்கு அனுப்பலாம். எமது போன்ற வெப்பமான, ஈரலிப்பான இடங்களில், வழக்கமாக நகத்தைப் பிடிக்கும் டிரைக்கோபைட்டன் என்ற பங்கசு வகையன்றி மண்ணிலும் தாவரங்களிலும் வாழும் வேறு பூசணங்களும் நகத்தைப் பிடிப்பதுண்டு. அவற்றில் சில டெர்பினாபினுக்குச் சரியாக இணங்குவதில்லை. முதல் மருந்து பலிக்காதபோது எந்த உயிரி என்று அறிவது அதனால்தான் அவசியமாகிறது.

நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மூன்று மாதக் குளிசையை எடுக்க வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பெருவிரலுக்கு அது தேவையில்லை, இரண்டாவது விரலுக்கு அது மட்டும் போதாது. டெர்பினாபின் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானதுதான். இருந்தாலும் அரிதாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஈரலின் நிலையை அறிய இரத்தப் பரிசோதனை செய்வது முறை. பசியின்மை, குமட்டல், இடைவிடாத சோர்வு, சிறுநீர் கடுமையான நிறமாதல், கண் மஞ்சளாதல், நாவின் சுவை போய்விடுதல், உடலில் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் கடந்த மாதங்களில் உங்களுக்கு ஏற்பட்டிருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒருவேளை அவர் மருந்தை மாற்றி இட்ராகொனசோல் தர எண்ணினால், நீங்கள் அடோவஸ்டட்டின் எடுப்பதை நீங்களாகவே நினைவுபடுத்துங்கள். இவ்விரண்டும் சேரும்போது அடோவஸ்டட்டினின் அளவு இரத்தத்தில் உயர்ந்து தசைகளுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னதை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த ஏழு கிணறுகளும் நம் மண்ணின் நம்பிக்கையோடு கலந்தவை, அங்கே குளித்து வருவதில் மனத்துக்கு ஆறுதல் உண்டு. ஆனால் மனிதத் தோல் தாங்கும் சூட்டில், நகத்துக்கு அடியில் புதைந்திருக்கும் பங்கசு சாவதில்லை. பலர் வெறுங்காலோடு நடக்கும் ஈரத் தரை இந்தத் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் இடமும்கூட. போவதானால், குளித்து முடித்ததும் காலை, குறிப்பாக விரலிடுக்குகளை, உலரத் துடைத்துவிடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போவதையும் இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கச்சான் காற்றுக் கால வெயிலில் சுட்டிருக்கும் கல்லில் வெறுங்காலோடு நடப்பது தெரியாமலேயே பாதத்தைக் கொப்பளிக்கச் செய்யும். காலையிலோ மாலையிலோ போவது நல்லது.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போன விரலிடுக்குத் தோல் உரிவுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அங்கே இருப்பது பெரும்பாலும் அதே பங்கசாகத்தான் இருக்கும். நகம் எவ்வளவு தெளிந்தாலும், பக்கத்துத் தோலில் பங்கசு வாழ்ந்துகொண்டிருந்தால், நகத்திலுள்ள மருந்து தீர்ந்ததும் அது மீண்டும் நகத்துக்கு ஏறிவிடும். நன்றாகத் தெளிந்த நகம் இரண்டாம் ஆண்டில் மறுபடி மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் இதுவே வழி. ஆகவே நலம் திரும்பியதா என்று பார்ப்பவர் நகத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்க்க வேண்டும். உள்ளங்காலிலும் குதிகாலின் ஓரங்களிலும் மா தூவினாற்போன்ற வறண்ட செதில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தோல் உரிவுக்கு வைத்தியரின் ஆலோசனையோடு டெர்பினாபின் 1 சதவீதக் களிம்பை ஒன்று அல்லது இரண்டு வாரங்களோ, குளோட்ரிமசோல் களிம்பை நான்கு வாரங்களோ பூசலாம். அரிப்பு அடங்கிய மூன்றாம் நாளே களிம்பை மூடிவைத்துவிடாதீர்கள்.

தொழிற்சாலையில் பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு சோடி இருந்தால் ஒன்று விட்டு ஒரு நாள் மாற்றி அணியுங்கள், ஒன்று முழுமையாக உலர அவகாசம் கிடைக்கும். ஒன்றுதான் உண்டென்றால், வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் பாதத்தட்டை வெளியே எடுத்து, வாயைத் திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் வைத்து, பங்கசுக்கெதிரான தூளைத் தூவுங்கள். காலுறையை வேலையின் நடுவே ஒருமுறை மாற்றுவது பெரிய பயன் தரும். துவைக்கும்போது சாதாரண குளிர்ந்த நீரில் அலசுவது போதாது. 60 பாகை செல்சியஸ் சூடான நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கோடையில் இவையெல்லாம் இலகு. ஐப்பசியில் மாரி தொடங்கியபின் சப்பாத்து நாட்கணக்கில் உலராமல் கிடக்கும் காலத்தில்தான் நீங்கள் கூடுதலாக விழிப்பாக இருக்க வேண்டும். உங்கள் பெருவிரல் நகம் பாதி தெளிந்திருக்கும் நேரமும் அதுவாகத்தான் இருக்கும். நோய் பிடித்த நகத்தை வெட்டும் நகவெட்டியை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நகங்களுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம். பழைய இறப்பர்ச் செருப்பை மாற்றிவிடுவது நல்லது.

சில மாற்றங்களைக் கண்டால் அடுத்த மாதப் படத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், சூடு, சீழ், பாதத்தில் சிவப்புப் பரவுதல், காய்ச்சல் ஆகியவை நீரிழிவு உள்ளவருக்கு அவசரமானவை. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நகம் பச்சை நிறமானால் அது பெரும்பாலும் பற்றீரியாவின் வேலை, பங்கசு மருந்து அதற்குப் பயன்படாது. நகத்தின் நீளத்தில் கறுப்பாகவோ கடும் பழுப்பாகவோ ஒரு பட்டை தோன்றி அகலமாகிக்கொண்டு போனால், அல்லது அந்தக் கருமை பக்கத்துத் தோலுக்கும் பரவினால், பங்கசு என்று எண்ணி நாள் கடத்தாமல் தோல் நோய் நிபுணரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கக்கூடும்.

நீரிழிவுக்காக நீங்கள் தவணைக்குத் தவணை போகும் கிளினிக்கிலேயே பாதங்களைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பாதத்தின் உணர்ச்சியும் நாடித் துடிப்பும் எப்படி இருக்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். இரண்டாவது விரலுக்காகத் தோல் நோய் நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தையும் அங்கேயே பெறலாம். மாதப் படங்களையும், முதல் பரிசோதனையின் அறிக்கையையும், வாங்கி வைத்துள்ள குளிசைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் மனைவியின் நகத்தைப் பற்றி: அவர் இந்தக் குளிசையை எடுக்கக் கூடாது, ஏற்கெனவே எடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தட்டும். கால் நகத்தில் வரும் பங்கசும் கை நகத்தை எழுப்பும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மீன் வெட்டுவது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது என்று கை ஓயாமல் நீரிலும் சவர்க்காரத்திலும் இருப்பவர்களுக்கு அதுவே நகத்தை ஓரத்திலிருந்து கிளப்பிவிடும். அங்கே கன்டிடா என்ற வேறு வகைப் பங்கசு சேரலாம், எதுவுமே சேராமலும் இருக்கலாம். சொரியாசிஸ் என்ற தோல் நோயும் இதே தோற்றத்தைத் தரும். உருமாறிய நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பங்கசு காரணமாக இருப்பதால், பரிசோதிக்காமல் மருந்து கொடுப்பது அவருக்கு வீணான சுமையாகிவிடும். எழும்பிய பகுதியை ஒட்ட வெட்டி, அடியில் ஊசியோ குச்சியோ விட்டுத் துப்புரவு செய்வதைத் தவிர்த்து, நீரில் வேலை செய்யும்போது உள்ளே பருத்திக் கையுறையும் மேலே இறப்பர்க் கையுறையும் அணியச் சொல்லுங்கள். நகத் துண்டைப் பரிசோதிக்க நீங்கள் போகும் நாளிலேயே அவரையும் அழைத்துச் செல்லுங்கள்; கை நகம் விரைவாக வளர்வதால், காரணம் சரியாகத் தெரிந்துவிட்டால் அவருடைய விரலில் மாற்றத்தை இரண்டு மூன்று மாதங்களிலேயே காணலாம்.